இருபத்தோராம் பக்கத்துக்கு ஒரு கையெழுத்து

"யாருங்க நீங்க? யாரு வேணும்?"

கேட்டவள் ரேணுகாம்பாள். கேட்கப்பட்டவன் காசி. இருபத்து மூன்று வருஷமாக அவளுக்குப் புருஷன். அவன் நின்றது அவனுடைய சொந்த வீட்டு வாசலில்.

தோளில் ஜோல்னாப் பை. கையில் ஒரு துண்டுச் சீட்டு. கதவு பாதிதான் திறந்திருந்தது. அந்தப் பாதியையும் ரேணுகாம்பாள் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா ரேணு, வெளையாடறியா? நவுரு."

"ரேணுவா? முன்ன பின்ன தெரியாத பொம்பளைய பேர் சொல்லிக் கூப்பிடணும்னுதான் உங்க குழுவுல சொல்லிக் குடுத்தாங்களா சார்?"

சார் என்றாள். கோபம் வந்தால் அவள் என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். சார் என்று சொன்னதில்லை.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் கொடியில் துணி போட வந்தவள். போடாமல் ஒரே புடவையை நாலாவது தடவையாக உதறிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊர்லேர்ந்து வரீங்க?" என்றாள் ரேணுகாம்பாள்.

"இந்த ஊருதான்."

"இந்த ஊரா? அப்ப உங்க வீட்டுக்கே போயிருக்கலாமே. இங்க எதுக்கு?"

"இதான் என் வீடு!"

"சீட்டு இருக்குதா?"

காசி சீட்டைக் கொடுத்தான். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பது அவன் கணக்கு. அவளோ சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்து, வாசித்தே விட்டாள்.

"ரே... ணு... காம்... பாள். பே கோபுரச் சந்து. பதினாலு. தங்குபவர்... கா... சி." சீட்டைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தாள். "சரியாத்தான் இருக்குது. வாங்க சார். செருப்ப ஓரமா வுடுங்க. தண்ணியப் பாத்து ஊத்திக் காலு கழுவுங்க. ஆறு வருஷமா நான் ஒருத்தியே தூக்கியார்ற தண்ணி."

கன்னியம்மாள் ஐந்தாவது தடவை புடவையை உதறினாள்.

இது எப்படி ஆனது என்று சொல்லிவிட்டால் மேலே போகலாம்.

காசி திருவண்ணாமலைத் தேரடித் தெரு அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. ஊரில் யார் செத்தாலும் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாக அவனுக்குத்தான் தெரியும். ஊர்ப் பிழை எல்லாம் திருத்தினவன் பெண்டாட்டிக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்ததில்லை. "அவ கேக்கலியே" என்பான். கேட்டிருக்கிறாள். மூன்று தடவை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அச்சகத்தில் ஈய எழுத்துப் பெட்டியைத் தூக்கும்போது அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் எண்ணெய் தேய்த்தான். சரியாகிவிட்டது. சரியானதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டான். ஆறு வருஷமாக மறந்துகொண்டே இருந்தான். நாலு தெரு தள்ளியிருந்த அடிபம்பிலிருந்து தினம் பத்துக் குடம். பத்தையும் ரேணுகாம்பாள்தான் சுமந்தாள். அவள் குடத்தோடு படியேறும்போது காசி நாற்காலியில் லேசாக அசைந்து "ஆ" என்பான். அவள் குடத்தை இறக்கிவிட்டு அடுத்ததற்குக் கிளம்புவாள்.

மகள் ஆர்த்தியைச் செய்யாற்றில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர். அவள் அடுப்படியில். அவன் வாசலில். மத்தியானம் என்ன குழம்பு, ராத்திரி என்ன கூட்டு. அதோடு பேச்சு தீர்ந்துவிடும். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் மலையும் தெரியாது, எதிர் வீடும் தெரியாது. இரண்டு பேரும் இரண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காசிக்குச் சலித்துவிட்டது. அவளுக்குச் சலித்ததா என்று அவன் கேட்டதில்லை.

சந்துப் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு தொடங்கிச் சில மாதம் ஆகியிருந்தது; ரேணுகாம்பாளும் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தப் பிரச்சாரத்துக்குக் கலைக்குழு சேர்த்தார்கள். புது ஏடு கலைக்குழு என்று பெயர். பத்துப் பேர், இருபத்தோரு நாள், இருபத்தோரு ஊர். தினம் ஒரு ஊரில் நாடகம். அங்கேயே யார் வீட்டிலாவது சாப்பாடு, படுக்கை. கல்வி மேல் உள்ள ஆசையில் காசி சேர்ந்ததாகத் தொடக்க விழாவில் சொன்னார்கள். பொய். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் சேர்ந்தான்.

அவனுக்குக் கொடுத்த வேஷம் கிணறு. மூன்று பேரோடு கை கோத்து வட்டமாக நிற்க வேண்டும். நடுவில் கயிறு விடுவார்கள். கிணறு வற்றும்போது நாலு பேரும் மெதுவாக உட்கார வேண்டும். வசனம் கிடையாது. நாற்பத்தாறு வயசில் அவனுக்குக் கிடைத்த முதல் வேஷம் அது.

குழுவுக்குத் தலைவன் மூர்த்தி. செங்கம் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொரு ஊரிலும் வேன் நின்றதும் அவன் விதிகளைச் சொல்லுவான்.

"தங்கற வீட்டு வேலையில பாதி நம்மளுது. தண்ணி எடுக்கணும். தின்ன தட்ட நாமே கழுவணும். உப்பு ஜாஸ்தி, காரம் கம்மினு பேசக்கூடாது. வீட்டம்மாவ அம்மானுதான் கூப்பிடணும். கெளம்பறப்ப நோட்டுல அவங்க கையால எழுதி வாங்கணும். நல்லா எழுதினாலும் சரி, திட்டி எழுதினாலும் சரி."

ஆளுக்கு ஒரு நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். புதிதாக எழுதப் படித்த பெண்கள் அதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களுக்கு அது பரீட்சை மாதிரி. குழுவுக்கு அது சாட்சி.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி முதல் ஊர். காசி வழக்கம்போல இடுப்பைப் பிடித்துப் பார்த்தான். அந்த வீட்டுச் சந்திரம்மாள் பதறிப்போய்விட்டாள். "நீ படு தம்பி, நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லி, ஒரு கண் சரியாகத் தெரியாதவள், கிணற்றுக்குத் தடவிக்கொண்டே போனாள். காசியால் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து போய்க் குடத்தை வாங்கினான். மறுநாள் கிளம்பும்போது அவள் எழுதிக் கொடுத்த வரியை வேனில் போகும்போது மூன்று தடவை படித்தான். யாரும் அவனைப் பற்றி நல்லதாக எழுதியதில்லை. அவன் பெயர் அச்சில் வந்ததே ஒரு தடவைதான். அது அவன் கல்யாணப் பத்திரிகை. அதிலும் ஒரு பிழை இருந்தது.

அன்றிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த ஊரில் புல் சுமந்தான். அதற்கடுத்த ஊரில் மாவரைத்தான். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாதவன் ஊர் ஊராகப் போய்த் தட்டுக் கழுவினான்.

பதினெட்டாம் நாள் மூர்த்தி ஒரு சேதி சொன்னான். இரண்டாவது பயணம் இருக்கிறதாம். நாற்பத்தைந்து நாள். நாகப்பட்டினத்தில் ஆரம்பித்துக் கன்னியாகுமரி வரைக்கும். குழுவுக்கு மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். இருபத்தோரு பக்கமும் நிரம்பிய நோட்டை சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேங்கிக்கால் ஆபீசில் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் காலியாக இருந்தாலும் இல்லை.

காசி அன்றைக்கே மனசால் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்துவிட்டான்.

இருபத்தோராவது இடம் திருவண்ணாமலை. அதுவும் அவன் சந்து. சொந்த ஊராக இருந்தாலும் சீட்டு எந்த வீட்டைச் சொல்கிறதோ அங்கேதான் தங்க வேண்டும். பத்து வீடுகள் பெயர் கொடுத்திருந்தன. யார் எந்த வீட்டில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தார்கள். அவன் சீட்டு அவன் வீட்டையே சொல்லியது. அவனோடு சேர்ந்து கிணறாக நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள். காசிக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய கன்னியாகுமரி இப்போது ரேணுகாம்பாள் கையில் இருந்தது.

இதுதான் நடந்தது. இப்போது வீட்டுக்குள்ளே.

வாசலில் அவன் நாற்காலி இல்லை.

"நாற்காலி எங்க?"

"எந்த நாற்காலி சார்?"

"நான் உக்கார்றது."

"அதுவா? கிளாஸ் டீச்சருக்கு உக்கார நாற்காலி இல்ல. குடுத்துட்டேன். இங்க யாரும் உக்கார்றதில்லியே."

அவன் சட்டை மாட்டும் ஆணியில் அவளுடைய சிலேட்டுப் பை தொங்கியது. கட்டில் ஜன்னல் பக்கம் மாறியிருந்தது. ரேடியோ அடுப்படிக்குப் போய்விட்டது. மூன்றே வாரம். ஒரு ஆள் இருந்த இடம் அவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று காசி நினைக்கவில்லை.

"பாய் தரேன். இப்பிடி ஓரமாப் போட்டுக்குங்க" என்றாள். "மொதல்ல அந்த நோட்டக் குடுங்க."

"நோட்டு எதுக்கு?"

"தங்க வர்ற ஆளு எப்பிடினு பாக்க வேணாமா? பொம்பள தனியா இருக்கற வீடு."

"ஆமா சார். காலம் கெட்டுக் கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே கன்னியம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

காசி நோட்டைக் கொடுத்தான். அவளால் இருபது பக்கம் எங்கே படிக்க முடியப்போகிறது, இரண்டு வரியில் களைத்துவிடுவாள் என்று நினைத்தான். ரேணுகாம்பாள் கால் நீட்டி உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"'கா... சி தம்பி எட்டுக் கொடம் தண்ணி எடுத்தாரு. நல்லா இருக்கணும். சந்திரம்மாள்.'" நிமிர்ந்தாள். "எட்டுக் கொடமா?"

"சின்னக் கொடம்."

"எவ்ளோ சின்னது?"

"சொம்பு மாதிரி."

"சொம்ப யாராவது கொடம்னு எழுதுவாங்களா?" என்றாள் கன்னியம்மாள்.

"நீ சும்மா இரு கன்னியம்மா."

"விருந்தாளி எங்க ஊட்டுப் பொம்பளைங்கள அதட்டக்கூடாது சார்" என்று ரேணுகாம்பாள் பக்கத்தைத் திருப்பினாள். "'காசி அண்ணன் வயல்லேர்ந்து புல்லுக்கட்டு தலையில தூக்கியாந்தாரு.' தலையிலயா? அப்ப இடுப்புல பாரம் வுழாதா சார்?"

"அது... காஞ்ச புல்லு."

"'எங்க மாமியார அப்பிடியே தூக்கிக் கட்டில்ல படுக்க வெச்சாரு.' மாமியாரும் காஞ்சவங்களா?"

கன்னியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"'அம்மிக்கல்ல தனி ஆளா நவுத்திப் போட்டாரு. நாங்க நாலு பேரும் கை தட்டினோம்.'"

அந்தக் கைதட்டல் காசிக்கு இன்னும் காதில் இருந்தது. அன்றைக்கு மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். இப்போது அதே மார்பை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"அங்க போன எடத்துல வலி கொஞ்சம் கம்மியா இருந்துச்சு ரேணு. காத்து மாத்தம்."

"அப்ப இங்கத்திக் காத்துதான் சரியில்ல."

அவள் நிறுத்தவில்லை. ஒரு பக்கம் விடாமல் படித்தாள். எழுத்து தடுக்கினால் திரும்பப் போய்ப் பிடித்தாள். தட்டுக் கழுவியது, துணி பிழிந்தது, அடுப்புக்கு விறகு பிளந்தது. பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டது. போகப் போகக் கன்னியம்மாளுக்கே சிரிப்பு நின்றுவிட்டது. இருபதாம் பக்கம் முடிந்ததும் ரேணுகாம்பாள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கத்துவாள் என்று காசி காத்திருந்தான். கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். விஷயம் முடிந்திருக்கும்.

"ஒரு நாளைக்குப் பத்துக் கொடம். ஆறு வருஷம்" என்றாள் மெதுவாக. "பெருக்கல் இன்னும் டீச்சர் சொல்லித் தரல. தந்ததும் போட்டுப் பாக்கறேன்."

கன்னியம்மாள் எழுந்து போய்விட்டாள். எதையும் முடிவு வரைக்கும் பார்க்காமல் அவள் போனதில்லை.

சாயங்காலம் ஆறரைக்குச் சந்து முனையில் நாடகம். ரேணுகாம்பாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கிணறு வற்றும் கட்டம் வந்தது. மற்ற மூன்று பேரும் மெதுவாக உட்கார்ந்தார்கள். காசி உட்கார்ந்தபோது சந்து மொத்தமும் "இடுப்பு, இடுப்பு, பாத்து" என்று கத்தியது. கன்னியம்மாள் சும்மா இருக்கவில்லை என்று தெரிந்தது.

முடிந்ததும் காசி மூர்த்தியைப் பிடித்தான்.

"மூர்த்தி, என் சீட்ட மாத்திக் குடு. எந்த வீடா இருந்தாலும் பரவால்ல. மாட்டுக்கொட்டாய்னாலும் சரி."

"சீட்ட மாத்தக்கூடாதுண்ணே. கிளாஸ் அக்காங்களே எழுதி, அவங்களே எடுத்தது."

"யாரு எழுதினது?"

"கையெழுத்து அழகா இருக்கறவங்களதான் எழுதச் சொன்னேன். உங்க வீட்டம்மாதான் பத்துச் சீட்டுலயும் பேரு எழுதினாங்க. மொதல்ல எடுத்ததும் அவங்கதான். உங்க பேரு போட்ட சீட்டு மட்டும் முக்கோணமா மடிச்சிருந்துச்சுண்ணே. நான்கூட எவ்ளோ அழகா மடிச்சிருக்காங்கனு நெனச்சேன்."

"மூர்த்தி, நீ வாத்தியாராடா?"

"ஏண்ணே?"

காசி வீட்டைப் பார்த்து நடந்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது.

வீட்டில் சுரைக்காய்க் கூட்டு வைத்திருந்தாள். காசிக்குச் சுரைக்காய் ஆகாது. அது அவளுக்கு இருபத்து மூன்று வருஷமாகத் தெரியும். அதில் உப்பும் இல்லை.

"எப்பிடி இருக்குது சார்?"

விதி இருந்தது. நோட்டு அவள் மடியில் இருந்தது.

"நல்லா இருக்குது..."

"நல்லா இருக்குது, அப்பறம்?"

காசி சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நல்லா இருக்குதும்மா."

"இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்குங்க."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பாயில் படுத்தான். வேறு எந்த ஊரிலும் தூக்கம் வராமல் இருந்ததில்லை.

விடிந்ததும் குடத்தை நீட்டினாள்.

"பத்து. பாதி உங்களுது. அஞ்சு."

"ரேணு, தெருவுல எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டுமே. அம்மிக்கல்லுக்குக் கை தட்டினவங்க பாக்கலியா?"

அடிபம்பில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். காசி குடத்தோடு வருவதைப் பார்த்ததும் பேச்சு அப்படியே நின்றது. ஆறு வருஷமாக அவன் இடுப்புக்காக எண்ணெய் சொன்னவர்கள், மூலிகைப் பத்துப் போடச் சொன்னவர்கள், கார்த்திகைக்கு அவனுக்காக வேண்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

"இன்னா காசி, இடுப்பு சரியாய்டுச்சா?"

"ம்."

"எப்ப?"

இது நியாயமான கேள்வி. காசி பம்பை அடிக்க ஆரம்பித்தான். பச்சையம்மாள் என்று ஒரு கிழவி, தன் முறையை ரேணுகாம்பாளுக்கு விட்டுக்கொடுத்து எத்தனையோ நாள் அவளுக்குக் குடம் தூக்கிவிட்டவள், அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். திட்டவில்லை. அது ஐந்து குடத்தையும்விடக் கனமாக இருந்தது.

ஐந்தாவது குடத்தை இறக்கியபோது காசி ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அவள் கையெழுத்துப் போட மாட்டாள். போடாமல் இழுப்பாள். நாற்பத்தைந்து நாள் ஆளை விட அவளுக்கு என்ன பைத்தியமா? பேரம் பேச வேண்டியதுதான். பயணம் கிளம்பும் வரைக்கும் தினம் பத்துக் குடம். திரும்பி வந்ததும் ஐந்து. வாதாடினால் ஏழு. மனசுக்குள் எல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டான். கிணறு வேஷத்துக்குக்கூட அவ்வளவு ஒத்திகை பார்த்ததில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தான்.

"ரேணு, ஒரு விஷயம். ரெண்டாவது பயணம் ஒண்ணு இருக்குது."

"தெரியும். மூர்த்தி தம்பி சொல்லுச்சு. நாப்பத்தஞ்சு நாளு."

"இருபத்தோராம் பக்கத்துல நீ..."

"கொண்டாங்க."

"கோவத்துல இருப்ப. எனக்குப் புரியுது. அதனால நான் இன்னா சொல்றேன்னா, தெனம்..."

"நோட்டுதான் என்கிட்ட இருக்குதே. பேனாவக் கொண்டாங்கனு சொன்னேன்."

காசி பேனாவைக் கொடுத்தான். ஒத்திகை பார்த்த பேரம் வீணாய்ப் போனது.

"போய்ட்டு வாங்க" என்றாள். "கடலெல்லாம் பாப்பீங்க. நல்லாருக்கும்."

"உனக்கு... தனியா கஷ்டமா இருக்காதா?"

ரேணுகாம்பாள் உண்மையிலேயே யோசித்தாள். வேண்டுமென்றே குத்துவதற்காக அவள் சொல்லியிருந்தால் காசி தாங்கியிருப்பான். யோசித்துச் சொன்னாள். அதுதான் கெட்டது.

"மொத ரெண்டு நாளு ஒரு மாதிரி இருந்துச்சு. வாசல்ல யாரும் 'ஆ'ங்கலியேனு. அப்பறம் பழகிப் போச்சு. ஒரு வேள ஆக்கினா ரெண்டு வேளைக்கு வந்துச்சு. நாலு கொடம் தண்ணி போதுமா இருந்துச்சு. ரேடியோவ எனக்குப் புடிச்சதுல வெச்சேன். கிளாசுக்கு ஒரு நாள் விடாம போனேன். அந்த மூணு வாரத்துலதான் கூட்டெழுத்தெல்லாம் வந்துச்சு."

"என்ன நெனக்கவே இல்லியா?"

"நெனச்சேனே. சீட்டு எழுதறப்ப."

குனிந்து எழுத ஆரம்பித்தாள். அரை மணி நேரம் எழுதினாள். நடுவில் ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து, "வேண்டுமானாலும்ங்கறதுக்கு எந்த னா சார்?" என்று கேட்டாள். காசி சொல்லிக் கொடுத்தான். கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருஷத்தில் அவளுக்கு அவன் சொல்லிக் கொடுத்த முதல் எழுத்து.

எழுதியதை ஊதிக் காய வைத்து நீட்டினாள்.

"காசி நல்லவர். அவர் இடுப்பு நன்றாக இருக்கிறது. சொன்ன வேலையைச் செய்வார். அவர் இல்லாமல் எனக்குக் கஷ்டம் இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ரேணுகாம்பாள்."

காசி படித்தான். தொழில் பழக்கத்தில் இன்னொரு தடவை, பிழை பார்க்கும் கண்ணோடு படித்தான். திருத்துவதற்கு அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இந்த நாலாவது வரிய..."

"தப்பா இருக்குதா?"

"தப்பு இல்ல."

"அப்ப சரி. அஞ்சு மணிக்குள்ள வேங்கிக்கால்ல குடுக்கணுமாமே. மணி மூணு ஆவுது. நேராப் போய்க் குடுத்துட்டு வாங்க. வழியில எங்கியும் நிக்காதீங்க."

காசி செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டது காதில் விழுந்தது.

"கன்னிம்மா, உன்கிட்ட அந்தப் பெரிய பித்தளக் கொடம் இருக்குதில்ல? சாயங்காலம் குடு. கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும்."

"உனக்கு எதுக்குடி அவ்ளோ பெரிசு? தூக்க முடியாதே. ஊட்டுக்காரருதான் ஊருக்குப் போறாரே."

"நீ குடு."

காசி அதைக் காதில் வாங்கினான். மண்டையில் வாங்கவில்லை. சந்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோ பிடித்தான். வழியில் எங்கும் நிற்கவில்லை.

வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டின் முன்கட்டுதான் ஆபீஸ். மேஜைக்குப் பின்னால் ஒரு பெண். அவள் முன்னால் நோட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு நோட்டையும் வாங்கிக் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்து, பக்கத்தில் இருப்பவரிடம் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தாள். காசிக்கு முன்னால் நின்ற பையனின் நோட்டைப் படித்தாள். "'தம்பி போறது எங்க வீட்டுப் புள்ள போற மாதிரி இருக்குது. சீக்கிரம் திரும்பி வரணும்.'" ஆபீஸில் இருந்த நாலு பேரும் "அடடா" என்றார்கள். பையன் வெட்கப்பட்டான்.

"அடுத்து? சார், நீங்க?"

காசி பையைத் திறந்தான். நாலாவது வரி நினைவுக்கு வந்தது. பையை மூடினான்.

"டைம் இன்னா ஆவுதும்மா?"

"நாலே கால் சார்."

"அதான் கேக்க வந்தேன்."

வெளியே வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு புங்க மரத்தடியில் நின்றான். மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது. போகலாம். நாற்பத்தைந்து நாள். கன்னியாகுமரி. ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இங்கே ஒருத்தி நாலு குடம் தண்ணீரில் நிம்மதியாக இருப்பாள். ரேடியோவைப் பிடித்ததில் வைப்பாள். திரும்பி வரும்போது கட்டில் இருக்குமோ என்னவோ. வாசலில் வந்து நின்றால் மறுபடியும் யாருங்க என்று கேட்பாள். அப்போது விளையாட்டுக்குக் கேட்கமாட்டாள்.

போகாமல் இருக்கலாம். இருந்தால் இடுப்பு சரியாக இருப்பதற்கு இருபத்தோரு சாட்சி இருக்கிறது. கடைசிச் சாட்சி வீட்டிலேயே இருக்கிறது.

கன்னியம்மாளின் பித்தளைக் குடம் அப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது. அது யாருக்கு என்று இப்போது தெரிந்தது. அவன் போகமாட்டான் என்பது அவளுக்கு மூன்று மணிக்கே தெரிந்திருக்கிறது. அவனுக்கு நாலரைக்குத்தான் தெரிந்தது.

ஐந்து மணிக்கு அந்தப் பெண் எழுந்து விளக்கை அணைத்தாள். எதிர்ப்பக்கம் நிற்பவனைப் பார்த்து, "சார், ஏதாச்சும் குடுக்கணுமா?" என்று கத்திக் கேட்டாள். காசி இல்லை என்று தலையை ஆட்டினான். பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேராகப் போய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள் ரேணுகாம்பாள். நேராகத்தான் போனான். கொடுக்கவில்லை.